நாற்றங்காலில் கோஷம்

'இந்தி ஒழிக' என்று நீடாமங்கலம் ஸ்டேஷன் சுவரில் தார் பூசி எழுதியவன் நான். ஆட்சியும் மாறியது. ஆனால் ஆங்கிலம் மட்டும் என்னை ஒழித்துக்கொண்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் அதில்தான் தவறினேன். செப்டம்பர் பரீட்சையிலும் தவறினால் நிரந்தரமாகச் சேற்றில்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

என்னைக் கவிழ்த்தவை சொற்களின் வால்கள். 'பேஜ்' என்று நெடிலாக இழுத்தால் முடிவில் ஜி, இ போதும். 'பிரிட்ஜ்' என்று குறிலாக வந்தால் முன்னால் ஒரு டி கூடுதலாக நிற்க வேண்டும். அந்த டி வாயே திறக்காது; சும்மா காவல். எங்கள் ஊரிலும் அப்படித்தான், குட்டைக் குடிசைகள் உள்ள தெருமுனையில்தான் போலீஸ் நிற்கும்; நெடிய மாடி வீட்டுப் பக்கம் நிற்காது.

பண்ணை வயலில் சம்பா நாற்றுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பறிக்க வேண்டும், சேறு போக அலச வேண்டும், முடியாக, சிறு கட்டாகக் கட்ட வேண்டும். வேலைக்கு ஓர் எழுத்து. நான் "பிரிட்ஜ்" என்பேன். சித்தப்பாவும் மற்றவர்களும் பறிக்கையில் "டி", அலசுகையில் "ஜி", கட்டுகையில் "இ" என்று முழங்குவார்கள்.

கூலித் தகராறு முற்றியிருந்த காலம். வயலில் நாலு பேர் சேர்ந்து இருமினாலே பண்ணை ஏஜெண்டுக்குப் போராட்டமாகத்தான் கேட்கும். குடையோடு வரப்பில் ஓடி வந்தார்.

"என்னய்யா கோஷம்?"

"கோஷம் இல்லீங்க. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான். இங்கிலீஷு" என்றார் சித்தப்பா.

"ஓகோ, இங்கிலீஷ்லயே கோஷமா! இன்னொரு தடவை சத்தம் கேட்டுச்சு, வெளியூர் ஆளுங்கள வேலைக்கு இறக்கிடுவேன்."

அந்த மிரட்டலுக்கு அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்றிலிருந்து வாய் மூடியது. சொல்லை மனசுக்குள் சொல்லி, வாலைக் கையால் முடித்தேன்.

பரீட்சையில், சொற்களில் விட்ட எழுத்துகளை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். மண்டை காலி. கை மட்டும் மேசைக்கடியில் பறித்தது, தொடையில் அடித்து அலசியது, சுற்றிக் கட்டியது. டி, ஜி, இ: மூன்று எழுத்து!

"என்னடா, அரிப்பா?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆமாம் சார்" என்று அடுத்த சொல்லுக்கும் சொறிந்தேன்.

எப்படியோ தேறிவிட்டேன். பேசாமல் படிக்கப் பழக்கியவர் ஏஜெண்ட் அல்லவா? "அவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வரட்டுமா சித்தப்பா?" என்றேன்.

சித்தப்பா நிமிர்ந்து துண்டை உதறினார். "தனியா போகாதடா. எல்லாரும் வர்றோம். கோஷமாவே சொல்லிடலாம்."