ஆல்பியின் அனுமதியும் அனலின் வருகையும்

"என் அனுமதி இல்லாம இந்த வீட்டுக்குள்ள ஒரு பொட்டு சூடு நுழைஞ்சிடாது!"

கோடை தொடங்கும் டிசம்பர் மாதத்தில், கையில் பீர் பாட்டிலோடு, ஆல்பி ட்ரஸ்காட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இப்படிப் பிரகடனம் செய்தார். ஆஸ்திரேலியாவின் மில்டூராவில் திராட்சை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். குடியிருப்பது வாடகை வீடு. பெரிய ஜன்னல்கள் அத்தனையும் மேற்கே பார்த்தவை. கட்டியவர் சூரியனுக்கு ஏதோ நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும்.

ஜனவரி, யாரையும் கேட்காமல் வந்தது. மனைவி வெர்னா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"இந்த பெட்ரூம்ல இன்னும் ஒரு வாரம் வேகணும்னா நான் குளுகுளுன்னு இருக்கிற ஹோபார்ட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். இலையுதிர்காலத்துலதான் திரும்பி வருவேன்."

"அதுவரைக்கும் எனக்கு யாரு சமைப்பா?"

"சட்டிய ஜன்னல்ல வை. தானா வெந்துடும்."

வெர்னா இல்லாத வீட்டை நினைத்ததும் ஆல்பிக்கு உண்மையிலேயே வியர்த்தது. ஆராய்ச்சியில் இறங்கினார். டாய்லெட் பேப்பர் துண்டைக் கதவிடுக்குகளில் பிடித்து, அது எங்கே ஆடுகிறது என்று மண்டியிட்டுக் கவனித்தார். ஆடிய இடங்களில் எல்லாம் பழைய காலுறைகளில் மணல் அடைத்து வைத்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகைச் சட்டம். எனவே பெயிண்ட் டப்பாக்களில் மணல் நிரப்பிக் கம்பு நட்டு, மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல்வலை கட்டினார். பகலெல்லாம் திரை மூடியிருக்கும். சாயங்காலம் குளிர்ந்த தெற்கத்திக் காற்று வந்ததும் எல்லா ஜன்னலும் திறக்கும்.

வீட்டைப் பார்வையிட வந்த வாடகை ஏஜென்ட் டாம்சின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆல்பி, இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?"

"ஒரு ஓட்டை போட்டிருக்கேனா, காட்டு பாப்போம்!"

"சுவத்துல இல்ல," என்று அவர் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

வீடு குளிர்ந்தது. ஹால் குளிர்ந்தது, சமையலறைகூடக் குளிர்ந்தது. பெட்ரூம் மட்டும் அசையவில்லை. இத்தனைக்கும் அது தெற்குப் பக்க அறை. அந்த நாட்டில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம். விசித்திரம்தான்.

இரவெல்லாம் காற்று வீசி ஓய்ந்த ஒரு விடியலில், ஆல்பி மருத்துவரின் முகபாவத்தோடு அந்த அறையின் சுவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூன்று சுவர்கள் ஜில்லென்றிருந்தன. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோலச் சுட்டது. காதை வைத்தார். சுவர் முனகியது.

சுற்றிக்கொண்டு, அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த துணி துவைக்கும் அறைக்குப் போனார். அங்கே, சுவரோடு முதுகை ஒட்டி நின்றது அவருடைய பீர் ஃபிரிட்ஜ். கதவு ரப்பர் கிழிந்த கிழட்டு யந்திரம். ஆறு பாட்டில்களையும் ஒரு பொட்டலம் தூண்டில் புழுவையும் குளிர வைப்பதற்காக ராப்பகலாக ஓடி, வயிற்றுச் சூட்டையெல்லாம் பின்பக்கமாக வெர்னாவின் தலைமாட்டில் இறக்கிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை நீட்டிய ஆல்பி சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா, கண்டுபிடிச்சிட்டியா?" சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையிலிருந்து வெர்னாவின் குரல் வந்தது.

"ம்."

"எது வழியா வருதாம் சூடு?"

ஆல்பி பிளக்கைப் பிடுங்கினார். முனகல் நின்றது. பாட்டில்களை எடுத்துப்போய்ச் சமையலறை ஃபிரிட்ஜில் வெர்னாவின் கீரைகளுக்கு நடுவே ஓசைப்படாமல் செருகினார்.

"கேக்குறேன்ல? யாரு உள்ள விட்டது?"

"நான்தான்," என்றார் ஆல்பி, மிகச் சிறிய குரலில். "குடிவந்த அன்னிக்கு. நானே தூக்கிட்டு வந்தேன்."