ஒன்பது எழுத்தை மிச்சம் பிடித்ததற்காக ஒரகடம் போய்வந்தேன்

குறும்பதிவுத் தளத்தில் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்அப் எப்படிச் சம்பாதிப்பது என்று வாசகர்கள் இருவர் கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதனால் இந்த ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் ஒரகடம் போய்வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2013-இல் நானும் நண்பன் பாஸ்கரும் ஆரம்பித்ததை ஸ்டார்ட்அப் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு ஆள், ஒரு லேப்டாப். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பக்கம் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து, 140 எழுத்துக்குள் பதிவு போடுவோம். ஒரு வருடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் தொடர்ந்தார்கள். பைசா வரவில்லை. இந்தச் சித்திரையில் ஒரு லேபர் கான்ட்ராக்டர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, "நிரந்தர வேலை" என்று ஒரு பதிவு போடச் சொன்னார். போட்டோம். முதல் வருமானம் என்று பிரியாணி வேறு சாப்பிட்டோம், வெட்கக்கேடு.

எங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் "நன்றி அண்ணே" என்று பதில் போடும் ஒருவர் உண்டு, இசக்கிமுத்து. அந்தப் பதிவுக்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஆடி பிறந்ததும் ஒரு வரி வந்தது: "எங்க ரூம்ல நாலு பேர் போய் ஏமாந்துட்டாங்க." முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் காலை 9.10-க்குப் பேருந்து. படப்பை வழியாக ஒரகடம் கூட்டுரோடு 25 கி.மீ. இருக்கும், டிக்கெட் பதினெட்டு ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து மாத்தூருக்கு ஷேர் ஆட்டோ.

"இன்னா சார், கம்பெனியா ரூமா?" என்றார் ஓட்டுநர். ரூம் என்றேன். "அப்போ உள்ளாற வரைக்கும் வுடுறேன். பத்துக்குப் பதினஞ்சா குடு. லாரி வுட்டு வுட்டு ரோடு பேஜாரா கீது."

பொய் சொல்லவில்லை, இடுப்பு இரண்டாகிவிட்டது.

தகர ஷீட் போட்ட வரிசை அறைகள். ஓர் அறையில் எட்டுப் பேர், மூன்று ஷிப்ட். எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. அதனால் இசக்கிமுத்து எங்கள் பதிவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கதவில் ஒட்டிவிடுவாராம். எங்களுக்கு அவர் ஒரு ஃபாலோயர். அந்தக் கதவை எட்டுப் பேர் படித்தார்கள்.

"நாலு பேருக்கும் ட்ரெய்னிங் முடிய ரெண்டே மாசந்தாம்ணே இருந்துச்சு," என்றார். "நிரந்தரம்னு பாத்ததும் விட்டுட்டுப் போனானுவ. போன எடத்துல ரெண்டு மாசங்கூட ஆவல. போதும்னுட்டான் அந்தக் கான்ட்ராக்டர். மூணு பேரு ஊருக்கே போயிட்டானுவ. எங்க அத்தை மவன் செல்வம் மட்டும் இங்கனயே கெடக்கான். குடோன்ல மூட்ட தூக்குதான்."

"உங்க மேல கோபமா?"

"கோவமில்லண்ணே. இங்க ஆள் சேத்து விட்டா தலைக்கு இவ்வளவுன்னு கான்ட்ராக்டர் கமிஷன் குடுப்பான். நா அத வாங்கிட்டேன்னு நெனைக்கான். பக்கத்துப் பாயிலதான் படுக்கான். பேசுததில்ல." பிறகு கேட்டார்: "அது நீங்க விசாரிச்சுப் போட்டதுதானண்ணே?"

"இல்லை. காசு வாங்கிப் போட்டது."

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அத ஒரு வார்த்த போட்டிருந்தா, நானும் கதவுல எழுதிருப்பேன்லா," என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தையை நாங்கள் எழுதத்தான் செய்தோம். 'விளம்பரம்.' புள்ளி, கொக்கி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் அந்தத் தளத்தில் அதற்கு ஒன்பது எழுத்து. பதிவு நீண்டுவிட்டது என்று நான்தான் அதை அழித்தேன். 'நிரந்தர' என்பதை அழித்திருக்கலாம். தோன்றவில்லை.

இரண்டு மணி ஷிப்டுக்காக இசக்கிமுத்து கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினார். "நா சொன்னா அவன் நம்ப மாட்டான். நீங்களே எழுதி ஒட்டிருங்கண்ணே," என்று மார்க்கரைக் கொடுத்தார். எழுதினேன்: "காசு வாங்கியது நாங்கள். இசக்கிமுத்து ஒரு பைசா வாங்கவில்லை." கீழே கையெழுத்தும் போட்டேன். செல்வம் ஆறு மணிக்குத்தான் வருவான் என்றார்கள். இருந்து நேரில் சொல்லியிருக்க வேண்டும். நான் மூன்றரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

போகிறவர்களுக்கு: பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள், ஷிப்ட் மாறும்போது யாரும் பேசமாட்டார்கள். தண்ணீர் கொண்டு போங்கள். சம்பாதிக்க வழி கேட்டவர்களுக்கு: ஸ்பான்சர் பதிவில் பணம் வரும், சந்தேகமில்லை. முதல் சொல்லே 'விளம்பரம்' என்று இருக்கட்டும். மற்றதை அப்புறம் சுருக்குங்கள்.

மறுநாள் காலை இசக்கிமுத்துவிடமிருந்து பதில் வந்தது. "செல்வம் படிச்சான்ணே. நாந்தான் எழுதுனேன்னு நெனச்சுட்டு, இத எழுதுததுக்கு அவங்க ஒனக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு கேக்கான்."