குதிச்சுட்டு வந்து சொல்லு

என் வீட்டுக்காரருக்கு எதையும் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ஆகும். காமயகவுண்டன்பட்டியில் யார் தோட்டத்தில் போர்வெல் போட்டாலும் லாரி வருவதற்கு முன்னால் இவர் போய் நிற்பார். ஒரு தடவை காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு நீள லாரி ஒன்று போனது. அது வளைவில் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க மொபெட்டில் மார்க்கையன்கோட்டை வரை பின்னாலேயே போய்விட்டார். பால் வாங்கிவரப் போனவர் வெறும் தூக்குவாளியோடு மத்தியானம் வந்து சேர்ந்தார். "பால் எங்க?" என்றேன். "பின் சக்கரமும் தனியாத் திரும்புது, தெரியுமா?" என்றார். அந்தப் பின் சக்கரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதில் எனக்கும் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போன தை மாதம் நெஞ்சுவலி வந்து, தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பு என் கையில், மாத்திரை என் கையில், மொபெட் சாவியும் என் கையில். எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் அவர் குனிந்து நடந்தாலும் "மெதுவா, மெதுவா" என்று நான் பின்னாலேயே போவேன். நான் பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்பையே மேய்க்கிறவளுக்கு ஒரு புருஷனை மேய்ப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவருக்குத்தான் ஒத்துவரவில்லை. ராத்திரி மாத்திரையைக் கொடுத்தால் வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி காட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாக வீசிவிடுவார். காலையில் செம்பருத்திச் செடிக்கு அடியில் நான் பொறுக்குவேன். அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். காலில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் மலை விளிம்பிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறான். எங்கேயோ வெளிநாடு என்று நினைத்தேன். இல்லை, கம்பம்மெட்டு ஏறி, எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஊர். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைத் தவிர வேறு வண்டியைப் பார்க்காத இடம் அது. இப்போது ரிசார்ட்டுகள், ராட்சத ஊஞ்சல், கம்பியில் தொங்கிக்கொண்டே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவது என்று என்னென்னவோ வந்துவிட்டது. "சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார். கொடிகளுக்குக் கவாத்து முடிந்து தோட்டத்தில் வேலை ஓய்ந்திருந்த நேரம். எனக்கும் லீவு. மனுஷன் எதற்காகக் காசு கொடுத்துக் கீழே விழுகிறான் என்று எனக்கும் பார்க்கவேண்டியிருந்தது. பஸ் ஏறிவிட்டோம்.

மலை விளிம்பில் இரும்பில் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். அதன் நுனி பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே பாறை, அதற்கும் கீழே எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. கயிறு கட்டிவிடுகிற ஆள் அந்த ஊர் மலையாளி. எங்கள் பக்கத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசினார். இவர் அவரைப் பிடித்துக்கொண்டார். கயிறு எதில் செய்தது, எத்தனை ஆள் குதித்தபிறகு மாற்றுவீர்கள், மழையில் நனைந்தால் என்ன ஆகும். அந்த ஆளும் சளைக்காமல் சொன்னார். உள்ளே நூல் நூலாக ரப்பராம். ஆளின் எடைக்குத் தக்கபடி கயிறும் மாறுமாம்.

"மொதமொதல்ல குதிச்சது யாரு?" என்றார் இவர்.

"மணல் மூட்டை, சேட்டா. அது பரவாயில்லன்னு சொன்ன பிறகுதான் நான்."

இவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! தை மாதத்துக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் அதில் சொக்கிப்போய் நின்றதில், இவர் வரிசையில் போய் நின்றதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தபோது அந்த ஆள் இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "பிரஷர், ஆபரேஷன், ஹார்ட்ல ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது" என்றார் என் வீட்டுக்காரர். கூசாமல் சொன்னார்.

"ஏங்க! நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு அவுகளுக்கு!" என்று நான் கத்தியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது. காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த ஆள் மரியாதையாக இவர் தோளைத் தொட்டு வெளியே அனுப்பிவைத்தார். இவர் போய்ச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

நான் பக்கத்தில் போனேன். "செத்துத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றேன். சமாதானம் பேசத்தான் போனேன். என் வாய் அப்படி.

"ஒனக்கு என்னத்தா, ஆளை அதிகாரம் பண்ண ஒரு சாக்குக் கெடைச்சுருச்சு" என்றார். "பயம்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னைய உள்ள தள்ளிக்கிட்டுப் போறாக. உசுரோட வருவனா மாட்டனான்னு நான் ஒன்னையத் திரும்பித் திரும்பிப் பாக்கேன். நீ நர்ஸம்மாட்ட ஃபேன் சுத்தலைன்னு சண்டை போட்டுக்கிட்டு நிக்கிற. கதவைச் சாத்துற வரைக்கும் என்னைய ஏறெடுத்துப் பாக்கல."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை மாதமாக இதை வைத்துக்கொண்டா என்னோடு இருந்தார்?

"அங்கன நின்னு குதிச்சா வயிறு என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார், பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே. "நான் போகக் கூடாது. சரி. நீ குதி. குதிச்சுட்டு வந்து சொல்லு, பாப்போம்."

வீம்புக்குச் சொன்னார் என்று தெரியும். நான் வீம்புக்கு எழுந்தேன் என்று அவருக்கும் தெரியும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வீம்பு பாதிதான். மிச்சப் பாதி, அந்த மேடை நுனிக்குப் போனால் எப்படி இருக்கும் என்ற அரிப்பு. அது காலையிலிருந்தே எனக்கும் இருந்தது.

சேலையோடு விடமாட்டார்கள். மூலையில் குவித்து வைத்திருந்த டிராக் பேண்டுகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பேண்ட் போட்டேன். கால் இரண்டும் தனித்தனியாக இருப்பது நன்றாகத்தான் இருந்தது. எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். எத்தனை கிலோ என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. மெஷினைச் சுற்றி ஆள் கூடியதும், கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

"செருப்பைக் கழிச்சீகளா? வளையல், பேண்ட் எல்லாம் இருக்கே. ஒரு கிலோ கழிச்சுப் போடுங்க" என்றார். திராட்சையை நிறுக்கும்போது பெட்டி எடையைக் கழித்தே பழகியவர்.

"அய்யோ சேட்டா, பேண்டும் சேச்சிகூடத்தான் விழும்" என்றார் அந்த ஆள்.

இவர் யோசித்தார். "அட ஆமா" என்றார். அப்புறம் ரகசியமாக, "அப்பக் கூட ரெண்டு கிலோ சேத்தே போட்டுக்கங்க. கயிறு கெட்டியா இருக்கட்டும்" என்றார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு மெஷின் காட்டிய எடையை மட்டும் மார்க்கரில் என் புறங்கையில் எழுதினார். மார்க்கெட்டுக்குப் போகும் பெட்டி மாதிரி நின்றேன்.

கணுக்காலில் துண்டைச் சுற்றி, அதற்கு மேல் பட்டையை இறுக்கினார்கள். இடுப்பில் ஒரு பட்டை, தோளில் ஒரு பட்டை. குட்டிக் குட்டியாகத் தத்திக்கொண்டு நுனிக்குப் போனேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. காலடியில் கம்பி வலை. அதன் வழியாகக் கீழே ஒரு பருந்து போனது. பருந்தின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. காவி நிறத்தில், கழுத்தில் வெள்ளை, அவ்வளவு அழகு.

"கீழ நோக்கண்டா சேச்சி. தூரத்துல பாருங்க" என்றார் அந்த ஆள்.

தூரத்தில் பார்த்தேன். தென்னந்தோப்புகள் ஒரு பச்சை, வயல் வேறு பச்சை, பந்தல் தோட்டங்கள் இன்னொரு பச்சை. லோயர் கேம்ப் பக்கமிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர் நடுவில் பளபளத்தது. இதில் எது எங்கள் தோட்டம் என்று தேட ஆரம்பித்தேன். கோயிலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், ஊருக்கு ஊர் கோயில்.

"தள்ளி விடட்டா?"

"தள்ளுனா கடிச்சுப்புடுவேன்" என்றேன். திரும்பிப் பார்த்தேன். இவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளையாட்டு முகமே இல்லை. "வேணாம், வந்துரு" என்று வாயசைத்தார். அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டேன்.

பறக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். பறக்கவே இல்லை. விழுகிறோம், அவ்வளவுதான். பிடிக்க ஒன்றும் இல்லை. வயிறு என்னை விட்டுவிட்டு மேலேயே நின்றுவிட்டது. மூச்சு போகிறதா வருகிறதா என்றே தெரியவில்லை. எங்கேயோ ஒரு பொம்பளை "ஏங்க!" என்று அலறுவது கேட்டது. மலை அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

அதற்குள் கயிறு பிடித்துக்கொண்டது. மேலே எறிந்தது, மறுபடி விட்டது, மறுபடி எறிந்தது. கடைசியில் ஆடி ஓய்ந்து தலைகீழாகத் தொங்கினேன். கண்ணைத் திறந்தால் பள்ளத்தாக்கு தலைக்கு மேலே இருந்தது. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். தலைகீழாக அழுதால் கண்ணீர் நெற்றி வழியாகப் போகிறது.

மோட்டார் வைத்து மேலே இழுத்துக் காலில் இருந்த பட்டையைக் கழற்றினார்கள். இவர் படியில் ஓடி வந்தார்.

"ஓடாதீக!" என்று கத்தினேன். அதுதான் நான் திரும்பி வந்து சொன்ன முதல் வார்த்தை.

சிமெண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். இவர் பால் ஊற்றாத கட்டஞ்சாயா வாங்கிவந்து கையில் கொடுத்தார். பாதியைப் பேண்டில் சிந்தினேன். "எதுக்குக் கூப்பிட்ட?" என்றார்.

"எப்ப?"

"விழும்போது. என்னையத்தான கூப்பிட்ட?"

"அது அன்னைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டியது" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "ஒங்களை உள்ள தள்ளிக்கிட்டுப் போனாகளே, அப்பக் கூப்பிட வாயைத் தொறந்தேன். சத்தம் வரல. ஒங்க மொகத்தைப் பாத்தா அங்கனயே விழுந்துருவேன்னு இருந்துச்சு. பக்கத்துல நின்ன நர்ஸம்மாவைப் பிடிச்சுக்கிட்டேன். எதையாச்சும் பேசிக்கிட்டே இருந்தாத்தான் நிக்க முடியும்னு பேசுனேன். ஃபேன் நல்லாத்தாங்க சுத்துச்சு."

அவர் என்னையே பார்த்தார்.

"வயிறு என்ன செய்யுதுன்னு கேட்டீகள்ல? அன்னைக்கு என்ன செஞ்சுச்சோ அதேதான். இங்கன கயிறு இருந்துச்சு. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

இவர் என் புறங்கையில் இருந்த மார்க்கர் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. அப்புறம், "மாத்திரை டப்பாவைக் கொடு" என்றார்.

"ராத்திரிக்குத்தான மாத்திரை?"

"எங்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் மலை இறங்கி வருகிற வரைக்கும், தலைகீழாகத் தொங்கும்போது காதில் என்ன சத்தம் கேட்டது, ரத்தம் தலைக்கு ஏறுவது தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பருந்தின் முதுகைப் பற்றிச் சொன்னபோது இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் நான் செம்பருத்திச் செடிக்கு அடியில் குனிந்து தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இலையை விலக்கிவிட்டும் பார்த்தேன்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "போட்டுட்டேன். உள்ள வா."