காய்ந்த இலைகளில் ஒரு பூமி

அந்த மழலையர் பள்ளியில் பெற்றோர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'போலீஸ் டீச்சர்'. வீட்டிலும் அவள் அப்படித்தான். பால் தானாகப் பொங்கிவிட்டது என்று கணவர் சொன்னால், அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். பிள்ளைகளின் கைவேலையில் பெரியவர்களின் கை எங்கே புகுந்தது என்று மோப்பம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

உதிர்ந்த இலை, விதை, குச்சிகளைப் பொறுக்கி அட்டையில் பூமிப் படம் ஒட்டி வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். மரத்திலிருந்து எதையும் பறிக்கக் கூடாது என்பது கண்டிப்பு. படங்களைச் சுவரில் மாட்டிய மறுநாள் பெற்றோர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

பஸ் டிரைவரின் மகள் கொண்டுவந்த படத்தைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. இலைகள் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு வரிசையாக இறங்கின. பசை ஓர் இடத்தில்கூடப் பிதுங்கவில்லை. நாலு வயதுக் கையா இது?

"யாரு பாப்பா ஒட்டினது?"

"தெரியல டீச்சர்."

"உன் படத்த யாரு செஞ்சாங்கன்னு உனக்கே தெரியாதா?"

குழந்தை தரையைப் பார்த்தது.

வாய் கூசாமல் பொய் சொல்கிறதே என்று டீச்சருக்கு எரிச்சல். படத்தை மேசைக்குள் வைத்துவிட்டாள். சுவரில் எல்லாருடைய பூமியும் ஏறிவிட்டது. ஓர் இடம் மட்டும் காலி. குழந்தை சாயங்காலம்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அழைத்துப்போக வந்த அப்பாவை வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீங்க செஞ்சு குடுத்தீங்களா?"

"சேச்சே, அவளேதான் டீச்சர்." சொன்னவரின் கை கால்சட்டைப் பைக்குள் போனது.

"கையக் காட்டுங்க."

நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பூமிக்கு மீசை வச்சிருந்தா டீச்சர், ரெண்டு குச்சியில. நாலு பேரு பாத்தா சிரிப்பாங்களேன்னு, அவ தூங்கினதும் பிரிச்சுட்டு நான் ஒட்டினேன். ஆரம்பிச்சப்புறம் விட மனசு வரல."

விடிந்ததும் குழந்தை பார்த்தது யாரோ செய்த படத்தை. தெரியல என்று அது சொன்னது கலப்படமில்லாத உண்மை.

டீச்சர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நீ பொய் சொல்லலடா கண்ணு. டீச்சர்தான் தப்பா நெனச்சுட்டேன். வேற அட்டை தரேன், இப்ப ஒட்டுறியா?"

"அப்பா தொடக் கூடாது."

"தொட மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

வகுப்பு மூலையில் இருந்த இலைப் பெட்டியைக் குழந்தை கவிழ்த்தது. டிரைவர் குட்டி நாற்காலியில் உடம்பை மடக்கி உட்கார்ந்தார். முதல் இலையே தலைகீழாக ஒட்டிக்கொண்டது, பசை வழிந்தது. அவர் விரல் முழங்காலிலிருந்து மெல்ல எழுந்தது.

"சார், கை" என்றாள் டீச்சர். அவள் கண் அட்டைப் பக்கமே போகவில்லை, அவர் விரல்மேலேயே இருந்தது.