கடைசி அத்தியாயத்தில் வருகிறவர்கள்

முதல் அத்தியாயத்தில் யாராவது ஒருவர் கேக் தின்றுவிட்டுச் செத்துப் போவார். அந்தப் புத்தகங்கள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். செத்தவருக்காக யாரும் இரண்டு பக்கத்துக்கு மேல் அழமாட்டார்கள். கேக் சுட்டவள் மேல் சந்தேகம் விழும், அவளுடைய கடையில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அவளோ மாவுக் கையோடு ஊரெல்லாம் விசாரித்து, உண்மையான கொலைகாரனைப் பிடித்துவிடுவாள். கடைசி அத்தியாயத்தில் ஊர் முழுவதும் அவள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். அதற்கும் பின்னால் கேக் செய்யும் முறை வேறு அச்சடித்திருப்பார்கள்.

என் கணவரின் தங்கை கட்டாரில் ஒரு வெள்ளைக்காரி வீட்டில் வேலைக்கு இருந்தவள். அந்தப் பெண் கழித்துவிட்ட புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தாள். "சமையல் புத்தகமெண்டு நினைச்சன் மதினி, நானாவுக்கு உதவுமெண்டு" என்றாள் போனில். ஏதோ கொஞ்சம் ஆங்கிலம் படித்த பாவத்துக்கு நான் வாசிக்கத் தொடங்கினேன். முதல் புத்தகத்தை வாசித்துச் சிரித்தேன். கொலையும் கேக்கும் ஒரே தட்டில் வைத்துத் தருகிறார்களே, என்ன மனிதர்கள் என்று.

பிறகு எங்கள் வீட்டிலேயே முதல் அத்தியாயம் நடந்தது.

என் கணவர் கல்யாணங்களுக்குச் சோறு ஆக்குகிறவர். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை அவருடைய புரியாணியையும் வட்டிலப்ப இனிப்பையும் தெரியாத வீடு குறைவு. அப்படி ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த ஒருவர் விடிகாலை சுபஹுக்கு முன்னால் மௌத்தாகிவிட்டார். நெஞ்சு வருத்தம் என்று டாக்டர் சொன்னார். அவருடைய பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் ஜனாஸா அடங்கும் முன்பே வட்ஸ்அப்பில் வேறு கதை ஓடியது. வட்டிலப்பம் தின்ற பிறகுதானாமே என்று ஒரு பெண் குரல். அந்த 'ஆமே' ஒன்று போதும், ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க.

எனக்கு ஆறவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அந்த ஒரே தட்டிலிருந்துதான் எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். நஞ்சென்றால் ஆறு பேருக்கும் நஞ்சு. மற்ற ஐந்து பேரும் இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர். கேக் கடைக்காரி முப்பதாம் பக்கத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நான் வாசல் படலையில் நின்று அவரிடம் கேட்டேன்.

"ஓம் ராத்தா, நானும் அந்தச் சஹன்லதான் திண்ட. எனக்கு ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"அத நாலு பேருக்குச் சொல்லுங்களன்."

அவர் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் என்னண்டு கதைக்கிற ராத்தா? ஆரும் கேக்கல்லியே."

அதுதான் விஷயம். புத்தகத்தில் முகத்துக்கு நேரே, நீதான் கொன்றாய் என்பார்கள். அவள் இல்லை என்று நிரூபிப்பாள். எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தார்கள், ஸலாம் சொன்னார்கள். "இந்த முறை சின்னதாத்தான் செய்யிறம்" என்று சொல்லி, வேறு ஆளைப் பிடித்தார்கள். கேட்காத கேள்விக்கு எந்த வாயால் பதில் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே மூடுவதற்குத் திறந்த வாயே இல்லை.

என் கணவர் வேலையில்லாமல் பின்வளவில் உட்கார்ந்து, கழுவிய பெரிய சோற்றுக் கிடாரங்களையே புளி போட்டுத் திரும்பத் திரும்ப விளக்கினார். பார்க்கச் சகிக்காமல் அந்தக் கதைகளைத் தமிழில் அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். கொலைகாரன் யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாக் கதைக்கும் ஒரே கேள்விதான்.

"கடைக்கு ஆக்கள் திரும்பி வந்தாங்களா புள்ள?"

"ஓம், வந்தாங்க."

அப்போது அவருடைய முகம் கொஞ்சம் தெளியும். அதற்காகவே பெட்டியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். கொலைக் கதையில் அப்படி என்ன இன்பம் என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

வருடம் திரும்பியது. மௌத்தானவரின் மனைவி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"என்ட மனிசன் நெஞ்சு வருத்தத்துலதான் போனாரு. எனக்குத் தெரியும்கா. கத்தத்துக்கு உன்ட மாப்பிள்ளதான் ஆக்கணும். ஊரு பாக்கட்டும்."

அவள் போனபிறகு என் கணவர் அழுதார். இதுதான் கடைசி அத்தியாயம் என்று நானும் நம்பினேன். அல்லாஹ் மேல் ஆணையாக நம்பினேன்.

மௌத்தானவருக்காக ஓதிச் சோறு கொடுக்கும் அந்தக் கத்தம் ஒரு வியாழக்கிழமை. அவர் அந்த வீட்டுப் பின்வளவில் அடுப்பு மூட்டி, யாரையும் கிட்ட விடாமல் தனியாகவே ஆக்கினார். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் வந்து ஓதினார்கள். பாய் விரித்துச் சஹன்களை வைத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதைகளிலும் கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில்தான் கூட்டுவார்கள்.

"நான் நோன்பு" என்றார் முதலாவது ஆள், நெஞ்சில் கைவைத்து, மிக மரியாதையாக.

"நானும் நோன்புதான்" என்றார் அடுத்தவர். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். வியாழக்கிழமைகளில் விரும்பியவர் பிடிக்கும் சுன்னத்தான நோன்பை யார் குறை சொல்ல முடியும்? மீன்காரரும் நோன்பாம். அன்று காலை சந்திக் கடையில் அவர் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றதை நான் இரண்டு கண்ணாலும் கண்டிருந்தேன். துப்புத் துலக்கியாயிற்று. யாரைக் கூப்பிட்டுச் சொல்வது?

எல்லோரும் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். பின்வளவுக்கு ஓடினேன். என் கணவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் நோன்பாம்" என்றேன்.

திறந்திருந்த கிடாரத்தை மூடினார். "இண்டைக்கு வியாழன்தானே புள்ள. அப்ப நோன்புதான். துறக்க வருவாங்க."

மூடியின் மேல் மறுபடி தணல் அள்ளிப் போட்டார். சோறு காயாமல் அடிக்கடி தண்ணீர் தெளித்தார். நோன்பு துறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் படலையடியில் போய் நின்றார். ஒழுங்கையால் போனவர்கள் பள்ளிக்குப் போனார்கள், பள்ளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள்.

உள்ளே அந்த விதவை ஒரு சஹனின் முன்னால் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். "வாகா, நம்ம ரெண்டு பேரும் இரிப்பம்." ஆறு பேருக்கான சோற்றை இரண்டு பேர் பிசைந்தோம். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். சோறு அவ்வளவு ருசியாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் வீட்டில், அஸர் தொழுகைக்குப் பிறகு, பெட்டியில் எஞ்சியிருந்த கடைசிப் புத்தகத்தை அவருக்குச் சொன்னேன். சூப்பில் நஞ்சு, சூப்புக் கடைக்காரி, ஒரு பூனை. கொலைகாரன் அகப்பட்டுவிட்டான். நான் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர் கிடாரத்தை விளக்கிக்கொண்டே இருந்தார்.

"கதை முடிஞ்சிட்டு. ஒண்டும் கேக்கல்லியா?"

"என்னத்தக் கேக்கிற?" என்றார்.