குங்குமத்தின் மேல் ஓடிய நெருப்பு

ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு நீலசந்திராவில். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கண்டோன்மெண்ட் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். பத்து மணிக்குக் கல்யாணப் பூசை. அது முடிந்ததும் சர்ச் சாமியார் வெளியூர் கிளம்புகிறார். தவறினால் அன்றைக்குக் கல்யாணம் கிடையாது.

பாதி வழியில் தூறல் பிடித்தது. வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ராகிக் கொல்லை. வேறு வண்டியே இல்லை.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல் இருக்கும். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று பங்க்காரனைத் திட்டித் தீர்த்தேன். குழாயைக் கழற்றினால் பெட்ரோல் சுத்தமாக வந்தது. பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாம் பெட்ரோலில் நனைந்து கிடந்தன. பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை. துடைத்து மாட்டியும் பயனில்லை.

பெண் இறங்கி வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா அவளுக்குக் குடை பிடித்தார்.

"உள்ள போய் உக்காரும்மா, உயிர வாங்காத!" என்று கத்தினேன். அவள் நகரவில்லை. நான் குனிந்து முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன்.

"அண்ணே, இங்க பாருங்க! இந்தச் செவப்புமேல நெருப்பு ஓடுது!"

அப்பாவைச் சுற்றச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி அது. வண்டிக்கு உயிரே அதுதான் என்று, முந்தின நாள் பூஜையில் நானே அதன்மேல் சந்தனம் பூசிக் குங்குமத்தை அப்பியிருந்தேன். காய்ந்திருந்தவரை தொல்லையில்லை. தூறலில் நனைந்ததும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல், அந்த ஈரத்தின் வழியே இன்ஜின் இரும்புக்கு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள். "ஒரு பொட்டு போதாதாண்ணே? அபிஷேகமே பண்ணிட்டீங்களே!" அப்பா சிரித்த சிரிப்பில் குடை ஆடியது.

என் துணியெல்லாம் ஈரம், எண்ணெய். அவள் கையிலிருந்த வெள்ளைக் கர்ச்சீப்பை நீட்டினாள். கல்யாணத்துக்கென்று லேஸ் வைத்துத் தைத்தது. நான் தயங்கினேன்.

"கல்யாணமே நடக்கலன்னா கர்ச்சீப் எதுக்கு? தொடைங்கண்ணே!"

மூடியையும் வயர்களையும் அழுத்தித் துடைத்தேன். ஒரே சுற்று. இன்ஜின் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் சேர்ந்து கத்திய கத்தலில் கொல்லையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

பத்து மணி அடிக்கும்போது சர்ச் வாசலில் இருந்தோம். சிவந்துபோன கர்ச்சீப்பை அவள் என்னிடம் விட்டுப்போகவில்லை. பூச்செண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது மாப்பிள்ளையிடம் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னாள். அவரும் சிரித்தார். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் சண்டைக்குப் போகிறவன், அன்று அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு இப்போது ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு மட்டும்தான் வைக்கிறேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் வண்டி நின்றால், யாரையும் திட்டுவதற்கு முன்னால் நேற்று என் கை என்ன செய்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.