திறப்புக்குள் இருந்த திறப்பு

மதினியின் வீட்டு வாசலில் நின்ற எங்கள் காரைச் சத்தம் வராமல் திறக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். காரின் பின் இருக்கையில் மகளின் பை கிடந்தது. பைக்குள் அவளுடைய மூச்சு மருந்து பம்ப். வீட்டுக்குள் மதினியின் மடியில் மகள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

மதினி என் கணவரின் ராத்தா, அதாவது அக்கா. சுனாமிக்குப் பிறகு கல்முனையில் கடற்கரைப் பக்கமாகக் கட்டிக் கொடுத்த மாடி வீடுகளில், கீழ்த்தட்டில் இருந்தார். நான் வரிப்பத்தான்சேனைக்காரி. எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடிந்து கணவர்தான் என் வீட்டுக்கு வந்தார். அதனால் கடற்கரை எனக்கு விருந்துக்குப் போய்வரும் இடம் மட்டும்தான். கடல் ஊருக்குள் வந்த அன்று நான் வயல் நடுவே எங்கள் வீட்டில் இருந்தேன். ஈர உடுப்போடு டிரக்டர் பெட்டிகளில் வந்து இறங்கிய சனங்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தேன். அலையை நான் பார்க்கவில்லை. மதினி பார்த்தவர். அன்று அவருடைய கையிலிருந்து அவருடைய மகன் நழுவிப் போனான். அவனுக்கு அப்போது என் மகளின் வயது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருபோதும் கதைத்ததில்லை. கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, பயம் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் நாங்கள் அந்தக் காரை வாங்கினோம். ஜப்பானில் ஓடிப் பழசான கார். கூடவே வந்த புத்தகமும் ஜப்பான் மொழியில். விற்றவர் வாயால் சொன்னதுதான் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் கணவர் என்னை உட்காரவைத்துப் படிப்பித்தார்.

"இஞ்ச பாரு புள்ள. ரிமோட் வேல செய்யாட்டி இத இழு. உள்ளுக்கு இருந்து இரும்புத் திறப்பு வரும். அதால கதவத் திறக்கலாம். ஆனா கள்ளன் திறக்கிறான் எண்டு கார் நினைக்கும். கத்தத் தொடங்கிரும்."

"அப்ப என்ன செய்யிற?"

"அது கத்த முந்தி ஏறி இருந்து, பிறேக்க மிதிச்சி, இந்த ரிமோட்ட ஸ்டார்ட் பட்டனோட ஒட்டிப் பிடிச்சி அமத்தணும். பெட்டரி செத்தாலும் ரிமோட்டுக்குள்ள ஒரு சின்னச் சிப் இரிக்கு. அது காரோட கதைக்கும். ஆள் ஆருண்டு காருக்கு விளங்கிரும்."

"எந்தப் பக்கத்த ஒட்டுற?"

"நீ ஒரு ஆள். இதென்ன சோதினப் பேப்பரா?"

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவேயில்லை.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாங்கு சொல்லிவிட்டார்கள். அவர் அரிசி மூட்டையை இறக்கிவைத்தார், ரிமோட்டால் காரைப் பூட்டினார், அதை என் கையில் தந்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்கு ஓடினார். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுத்திட்டத்தில் ஆண்பிள்ளை என்று ஒருவர் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

மதினி கொச்சிக்காயை எண்ணெயில் போட்டார். அந்தக் காரம் வீடு முழுக்கப் பரவியது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவளுக்கு இருமல் பிடித்துவிட்டது. பிறகு இழுப்பு. விலாவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.

"முட்டு வந்திட்டு புள்ள. பம்ப் எங்க?" என்று மதினி அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"காருக்குள்ள மதினி."

வாசலுக்கு வந்து ரிமோட்டை அமத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அமத்தினேன், உள்ளங்கையில் தட்டினேன், சட்டையில் துடைத்து அமத்தினேன். மகள் அதை வாயில் வைத்துக் கடிப்பாள். அதன் சின்ன வெளிச்சம் அன்று காலையிலேயே மங்கலாகத்தான் எரிந்தது.

மேல்மாடியில் இருந்து ஒரு ராத்தா எட்டிப் பார்த்தார். கையில் அகப்பை. "என்னத்துக்குத் தடவிக்கிட்டு நிக்கிறீங்க? கல்ல எடுத்துக் கண்ணாடிய உடைங்க!"

உடைத்தாலும் கத்தும். எனக்குப் பயமெல்லாம் இராணுவத்தின் செக் பொயின்ற்றை நினைத்துத்தான். பெரிய ரோட்டு முனையில் அது இன்னும் இருந்தது. நான் வளர்ந்த காலத்தில் ஆளில்லாமல் நிற்கும் வாகனம் என்றால் குண்டு. அது திடீரென்று அலறினால் துவக்கோடு ஓடிவருவார்கள், கேள்வி கேட்பார்கள், மகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். நான் பயந்தது தவறான பக்கத்தைப் பார்த்து.

இரும்புத் திறப்பை இழுத்து எடுத்தேன். கதவின் துளையில் போட்டுத் திருப்பினேன். கதவு திறந்தது. சத்தமில்லை. ஏறி உட்கார்ந்து ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறேக்கை மிதித்தேனா? மிதித்தது பிறேக்கா, மற்றதா? குனிந்து பார்த்தேன். காலை மாற்றினேன். எந்தப் பக்கத்தை ஒட்டுவது? பட்டன்கள் இருக்கும் பக்கமா, முதுகுப் பக்கமா? இதையெல்லாம் விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினால் என்ன? அப்படி நினைத்துக்கொண்டு இருக்கும்போதே கார் கத்தத் தொடங்கியது.

ஹோர்ன் சத்தமும், கடற்கரைச் சுனாமிக் கோபுரத்தின் எச்சரிக்கைச் சங்கு மாதிரி ஒரு சத்தமும் கலந்து ஏறி இறங்கும் அலறல். மாடி வீடுகளுக்கு நடுவே பட்டு அது பல மடங்காகத் திரும்பி வந்தது.

மேலே யாரோ ஒரு பெண் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

"கடல்!"

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. படிகளில் பெண்கள் கொட்டினார்கள். முக்காடில்லை, செருப்பில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. யாரும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அகப்பையோடு நின்ற ராத்தா அதே அகப்பையோடு காரைக் கடந்து ஓடினார். ஒரு வயதான பெண் காரின் முன்பக்கத்தில் ஓங்கி அடித்தார்.

"எறங்கு மகள்! ஓடு! என்னத்துக்கு இருக்காய்?"

"இது கார்தான் உம்மா! கார் கத்துது!" என்று நான் கத்தினேன். கேட்பதற்கு யாரும் அங்கே நிற்கவில்லை.

ரிமோட்டைத் திருப்பி முதுகுப் பக்கத்தை ஒட்டினேன். பிறேக்கை இரண்டு காலாலும் மிதித்து அமத்தினேன். கார் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. அலறல் நின்றது. குத்பா மட்டும் கேட்டது. பின் இருக்கையில் இருந்து பம்பையும் அதன் முகமூடிக் குழாயையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

வீட்டில் யாருமில்லை. சட்டியில் கொச்சிக்காய் கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். அறைக்குள் பார்த்தேன், கழிவறைக்குள் பார்த்தேன். பிறகுதான் எனக்கு விளங்கியது. மதினியும் அந்தக் கூட்டத்தோடு ஓடியிருக்கிறார். என் மகளோடு.

மருந்து என் கையில். மூச்சு முட்டும் பிள்ளை ஓடுகிறவரின் கையில். "யா அல்லாஹ்" என்பதைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை. இயங்கிக்கொண்டிருந்த காரை அப்படியே விட்டுவிட்டு நானும் பெரிய ரோட்டை நோக்கி ஓடினேன்.

ரோட்டு முனையில் கண்டது இரண்டாவது அதிர்ச்சி. அந்தச் செக் பொயின்ற்றை நாங்கள் எத்தனை வருஷம் தலை குனிந்து, அடையாள அட்டையை நீட்டி, மெதுவாக நடந்து கடந்திருக்கிறோம். அதை நோக்கி ஓடிப்போன ஆள் உயிரோடு மிஞ்சின கதையை நான் கேட்டதில்லை. அன்று அத்தனை பெண்களும் அதற்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். மண் மூட்டைகளின் மேல் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு சிப்பாய் துவக்கைத் தூக்கிய கையோடு திகைத்து நின்றான். இன்னொருவன் ஒரு குழந்தையைத் தூக்கி மூட்டைக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"முஹுத? முஹுத?" என்று அவன் சிங்களத்தில் என்னிடம் கேட்டான். கடலா என்று கேட்கிறான் என்பது அவன் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டியதால்தான் விளங்கியது. நான் "கார், கார்" என்று மட்டும் சொன்னேன்.

மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோடு சுவராக மதினி இருந்தார். மகளைத் தன் நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டியிருந்தார். மகளின் உதடு வெளிறியிருந்தது.

"மதினி, தாங்க. பம்ப் கொண்டு வந்திட்டன். தாங்க."

அவர் தரவில்லை. என்னைப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"கடல் வரல்ல மதினி. எங்கட கார்தான் கத்தின. கைய விடுங்க."

"விடமாட்டன்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "இந்தமுற விடமாட்டன்."

இழுத்துப் பறித்துவிடலாமா? பறித்தால் மகள் இன்னும் பயந்து அழுவாள், மூச்சு இன்னும் முட்டும். பறிக்காவிட்டால் நேரம் போகும். நான் நிலத்தில் முழங்காலிட்டேன். அவருடைய கைகளுக்கு இடையிலேயே முகமூடியை நுழைத்து மகளின் மூக்கிலும் வாயிலும் வைத்தேன். பம்பை அமத்தினேன். "இழு மகள், இழு." மறுபடி அமத்தினேன். மகளின் விலா உள்ளே போய் வந்தது. பின்பு கொஞ்சம் குறைவாகப் போய் வந்தது. மதினியும் அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

குத்பாவை விட்டுவிட்டு ஆண்கள் ஓடிவந்தபோது மகள் அழத் தொடங்கியிருந்தாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் மதினியின் பிடி தளர்ந்தது. அவருடைய விரல்கள் மகளின் முதுகில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

சாயந்தரம் மேல்மாடி ராத்தா எங்களைப் பார்க்க வந்தார். வாசலில் யாரோ கேட்டார்கள்: "அகப்பையோட ஓடினீங்களே, கடலுக்குச் சோத்தில ஆணம் வாக்கவா?"

"ஓம், வாற விருந்தாளியச் சும்மாவா அனுப்புற?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கணவர் அந்த வாரமே ரிமோட்டுக்குப் புதுப் பெட்டரி போட்டார். கார் விற்றவரிடம் போய், அந்த அலறல் வராமலிருக்க வழி உண்டா என்று கேட்டும் வந்தார். வழி சின்னதுதான். ரிமோட்டால் பூட்டினால்தான் எங்கள் கார் காவலுக்கு நிற்கும். இரும்புத் திறப்பால் பூட்டினால் அது வெறும் கதவு. அதே திறப்பால் திறந்தால் ஒரு சத்தமும் வராது.

அதற்குப் பிறகு மதினி வீட்டுக்குப் போனால் கணவர் ரிமோட்டைத் தொடுவதில்லை. உள்ளிருந்து இரும்புத் திறப்பை இழுத்து, குனிந்து, கதவைக் கையால் பூட்டுவார். மதினி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பூட்டி முடித்ததும் நான் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். பிறகு கேட்பேன்: "ரிமோட்ட அமத்தல்லதானே?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

அவர் பதில் சொல்வதற்கு முன் மதினி கையை நீட்டுவார். நான் மகளை அவரிடம் கொடுப்பேன். பம்ப் என் கையில் இருக்கும்.